தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்: நடிகர் தேர்வும் போர்க்களமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படத்தைப் பார்த்து முடித்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இரண்டு விஷயங்களைத்தான். இந்த வேடத்துக்கு இவரை எப்படிப் பிடித்தார்கள்? அந்தச் சண்டையை எப்படி எடுத்தார்கள்? எங்களுக்கு இவை இரண்டும் ஒரே கேள்வியாகவே படுகின்றன. பத்தாயிரம் பேர் மோதும் களத்தில் நம் மனம் ஒட்டிக்கொள்வது நாலைந்து முகங்களில். அந்த முகங்கள் அமையாவிட்டால் எவ்வளவு கிராபிக்ஸ் கொட்டினாலும் போர் எடுபடாது. கதையின் முடிவு வரை பேசியிருக்கிறோம். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

எந்தப் படங்களைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

டோல்கீன் 1954-55இல் வெளியிட்ட நாவலை வைத்து பீட்டர் ஜாக்சன் இயக்கிய மூன்று படங்கள். 2001, 2002, 2003 என்று அடுத்தடுத்த டிசம்பர்களில் வந்தன. மூன்றுக்குமான முக்கியப் படப்பிடிப்பு நியூசிலாந்தில் 1999 அக்டோபர் முதல் 2000 டிசம்பர் வரை ஒரே மூச்சில் நடந்தது. விட்டுப்போன காட்சிகளையும் புதிதாகத் தோன்றியவற்றையும் அடுத்த மூன்று வருடங்களில் நடிகர்களைத் திரும்ப அழைத்து எடுத்தார்கள். மூன்றாவது படம் 11 ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டு 11ஐயும் வென்றது.

அரகார்னாக முதலில் வேறொருவர் நடிக்க இருந்தாரா?

ஆமாம். ஸ்டூவர்ட் டவுன்சென்ட் என்ற அயர்லாந்து நடிகர் ஒப்பந்தமாகி, நியூசிலாந்துக்கு வந்து வாள் பயிற்சியும் எடுத்தார். அப்போது அவருக்கு 26 வயது. பல பத்தாண்டுகள் காட்டிலும் போரிலும் அலைந்தவன் அரகார்ன். அந்த வயது முகத்தில் தெரிய வேண்டும் என்று இயக்குநர் முடிவெடுத்ததால், படப்பிடிப்பு தொடங்கும் தறுவாயில் ஆளை மாற்றினார்கள். வந்தவர் விகோ மோர்டென்சன், வயது 41. நாவலைப் படித்திருந்த அவருடைய மகன்தான் ஒப்புக்கொள்ளச் சொன்னான்.

அவர் முதலில் நடித்தது வெதர்டாப் குன்றில் தீப்பந்தத்தோடு கறுப்பு வீரர்களை விரட்டும் சண்டை. மற்றவர்களுக்குக் கிடைத்த பயிற்சிக் காலம் அவருக்குக் கிடைக்கவில்லை. வாள் பயிற்சியாளர் பாப் ஆண்டர்சனிடம் அவசரமாகக் கற்றுக்கொண்டு களத்தில் இறங்கினார். சண்டைக் காட்சிகளுக்கென அலுமினியத்திலும் ரப்பரிலும் எடை குறைந்த வாள்கள் இருந்தும், அவர் கூடியவரை எஃகு வாளையே பிடித்தார். வீச்சுக்குப் பிறகு தோள் எப்படி இறங்குகிறது என்று பாருங்கள், அந்தக் கனம் தெரியும். இரண்டாம் படத்தில் ஹெல்மெட்டை உதைத்துவிட்டு மண்டியிட்டுக் கத்துவாரே, அப்போது அவருடைய கால்விரல் உண்மையாகவே முறிந்தது. அந்த டேக்கைத்தான் படத்தில் வைத்திருக்கிறார்கள்.

கிறிஸ்டோபர் லீக்குக் காண்டால்ஃப் வேடம் ஏன் கிடைக்கவில்லை?

அவருக்கு அந்த ஆசை இருந்தது. நடிகர் கூட்டத்தில் டோல்கீனை நேரில் சந்தித்த ஒரே ஆள் அவர்தான். ஆனால் 1922இல் பிறந்தவர். காண்டால்ஃப் குதிரையேறி, வாளெடுத்து, மலையேறி அலைய வேண்டிய பாத்திரம். சாருமான் பெரும்பாலும் கோபுரத்துக்குள் நின்று குரலாலேயே ஆள்பவன். லீயின் குரலுக்கு அதைவிடப் பொருத்தமான வேடம் கிடையாது. காண்டால்ஃபாக வந்த இயன் மெக்கெல்லன் வேறொரு படத்தை முடித்துவிட்டு 2000 ஜனவரியில்தான் வந்து சேர்ந்தார்.

ஒரு குறை உண்டு. திரையரங்கில் வெளியான மூன்றாம் படத்தில் சாருமான் வரவே இல்லை. அவனுடைய சாவு நீளமான பதிப்பில் மட்டும் இருக்கிறது. இரண்டு படங்களுக்கு வில்லனாக நின்றவனை முடிவில்லாமல் விட்டது எங்களுக்கு இன்றும் உறுத்துகிறது.

கிம்லியாக நடித்தவர் உண்மையிலேயே உயரமானவரா?

ஒன்பது பேர் கூட்டணியில் மிக உயரமானவரே அவர்தான். ஜான் ரீஸ்-டேவிஸின் உயரம் சுமார் 185 செ.மீ. தவறான தேர்வு போலத் தோன்றும். உண்மையில் கணக்கு அழகாக உட்கார்ந்தது. ஹாபிட்களாக நடித்த நால்வரும் 168 செ.மீ. சுற்றுவட்டாரத்தில் இருந்தார்கள். படத்தில் ஹாபிட் சுமார் 120 செ.மீ. தெரிய வேண்டும், அதாவது ஏறக்குறைய முக்கால் பங்காகச் சுருங்க வேண்டும். 185 செ.மீ. ஆளையும் அதே அளவு சுருக்கினால் சுமார் 135 செ.மீ. வரும். ஹாபிட்டைவிடக் கொஞ்சம் உயரமான குள்ளர் இன வீரனுக்கு அது சரியான அளவு. எனவே கிம்லியும் ஹாபிட்களும் மட்டும் இருக்கும் ஷாட்டுக்கு எந்த வித்தையும் தேவைப்படவில்லை.

பாடுபட்டது அவருடைய தோல்தான். ஒட்டு முகத்தின் பசை ஒத்துக்கொள்ளாமல் கண்ணைச் சுற்றி வீங்கிப் புண்ணானது. தூரக் காட்சிகளிலும் சண்டைகளிலும் பல இடங்களில் வருவது அவருடைய டூப்.

ஒரே ஷாட்டில் ஒருவர் பெரிதாகவும் ஒருவர் சிறிதாகவும் தெரிவது எப்படி?

பலரும் எல்லாமே கம்ப்யூட்டர் என்று நினைக்கிறார்கள். பெரும்பகுதி கேமரா வேலை.

முதல் வழி, தூரத்தை வைத்து ஏமாற்றுவது. காண்டால்ஃபைக் கேமராவிலிருந்து 3 மீட்டரிலும் ஃப்ரோடோவை 4 மீட்டரிலும் உட்காரவையுங்கள்; ஃப்ரோடோ முக்கால் அளவாகத் தெரிவார். ஒரே குதிரைவண்டிப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல் தெரியும் காட்சிக்காக, பலகையையே முன்னும் பின்னுமாகத் தள்ளி வண்டி கட்டினார்கள். இதில் கெட்டுப்போக மூன்று இடங்கள் இருக்கின்றன. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசினால் பார்வைக்கோடு தப்பிவிடும். காட்சியில் பக்கத்து ஆள் இருப்பதாகத் தெரியும் வெற்றிடத்தைப் பார்த்து நடிக்க வேண்டும். போதுமான வெளிச்சம் கொடுத்து லென்ஸ் துளையைச் சிறிதாக்காவிட்டால் ஒருவர் தெளிவாகவும் மற்றவர் மங்கலாகவும் வருவார்கள். மூன்றாவதுதான் பெரிய தலைவலி: கேமரா ஒரு சாண் நகர்ந்தாலும் முன்னால் இருப்பவர் ஒரு வேகத்திலும் பின்னால் இருப்பவர் வேறு வேகத்திலும் நகர்ந்து குட்டு வெளிப்பட்டுவிடும். அதற்குக் கண்டுபிடித்த தீர்வு, கேமரா நகரும்போது நடிகர் உட்கார்ந்திருக்கும் மேடையும் மேசைப் பகுதியும் கணக்காக எதிர்நகர்வு செய்வது. பில்போவின் வீட்டில் தேநீர் பரிமாறும் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.

இரண்டாம் வழி, அந்த வீட்டையே இரண்டு அளவில் கட்டியது. ஹாபிட் நடிகர்களுக்கு ஒரு செட். காண்டால்ஃப் தலையை இடித்துக்கொள்ள அதைவிடச் சிறிய இன்னொன்று. பெரியது மற்றதைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல். கோப்பை, புத்தகம், நாற்காலி எல்லாம் இரண்டிரண்டு செய்தார்கள். மூன்றாவது வழி, முதுகு மட்டும் தெரியும் ஷாட்களில் குள்ளமான அல்லது மிக உயரமான டூப்களை நிறுத்துவது.

கொல்லம் என்ற அந்த மெலிந்த பிறவி நடிப்பா, அனிமேஷனா?

இரண்டும். ஆண்டி செர்கிஸை முதலில் குரலுக்காகத்தான் அழைத்தார்கள். அவர் முழு உடம்போடு நடித்துக் காட்டியதும் வேலை முறையே மாறியது. ஒவ்வொரு காட்சியையும் அவரோடு ஒருமுறை, அவரில்லாமல் ஒருமுறை எடுத்தார்கள். பிறகு உடலசைவுப் பதிவுக்கூடத்தில் அவர் மறுபடி நடித்தார். முகத்தை மட்டும் அனிமேஷன் கலைஞர்கள் அவருடைய முகபாவங்களைப் பார்த்துப் பார்த்துக் கையால் அசைத்தார்கள். மூன்றாம் படத் தொடக்கத்தில், கொல்லமாக மாறுவதற்கு முந்தைய உருவில் மீன்பிடிக்க வருவது அவரேதான்.

லெகோலஸ், ஆர்வென் தேர்வுகள் பற்றி?

ஆர்லாண்டோ ப்ளூம் தேர்வுக்கு வந்தது ஃபாரமிர் வேடத்துக்காக. நடிப்புப் பள்ளியை முடித்துக்கொண்டிருந்த அவருக்கு லெகோலஸ் கிடைத்தது. நாவலில் காயம்பட்ட ஃப்ரோடோவைக் குதிரையேற்றி அனுப்புவது கிளார்ஃபிண்டல் என்ற எல்ஃப் வீரன். படத்தில் அந்த வேலை ஆர்வெனுக்குப் போனது. ஆர்வெனாக நடித்த லிவ் டைலரை இரண்டாம் படத்தின் ஹெல்ம்ஸ் டீப் கோட்டைப் போரிலும் வாளோடு நிறுத்திப் படம்பிடித்தார்கள். பிறகு பாத்திரத்தின் இயல்புக்கு ஒட்டவில்லை என்று எடுத்துவிட்டார்கள். சரியான முடிவு.

ஹெல்ம்ஸ் டீப் போரில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று புரியவில்லை. விளக்க முடியுமா?

மலை இடுக்கின் வாயை ஒரு நீண்ட மதில் அடைக்கிறது. மதிலின் ஒரு முனையில் கோட்டை. கோட்டை வாசலுக்கு ஒரு சரிவுப்பாதை ஏறுகிறது. மதிலின் அடியில் ஓடைநீர் வெளியேற ஒரு மதகு. இடுக்கின் உள்ளே குகைகளில் பெண்களும் குழந்தைகளும். இந்த ஐந்தையும் மனதில் வைத்துக்கொண்டால் சுமார் 40 நிமிடப் போரும் தெளிவாகும்.

முதியவர் ஒருவரின் கை நழுவி அம்பு பாய்கிறது, சண்டை தொடங்குகிறது. மதிலில் ஏணிகள் சாய்கின்றன. அதே சமயம் சரிவுப்பாதையில் கேடயங்களை ஓடுபோல் மூடிக்கொண்டு ஒரு கூட்டம் வாசலை நெருங்குகிறது. தீப்பந்தத்தோடு ஒருவன் மதகுக்குள் பாய, மதில் வெடிக்கிறது. இங்கிருந்து காவலர்களுக்கு ஒரே வழி, பின்வாங்குவது. வெளி மதில் போனதும் கோட்டை வாசல், அது போனதும் உள்மாளிகை. ஒவ்வொரு கட்டத்திலும் இடம் குறுகுகிறது, ஆட்கள் குறைகிறார்கள், நமக்கு மூச்சு முட்டுகிறது. போர்க்காட்சி எழுத நினைப்பவர்கள் படிக்க வேண்டிய பாடம் இது: பார்ப்பவருக்கு முதலில் இடம் தெரிய வேண்டும், அப்புறம்தான் இழப்பு உறைக்கும்.

சண்டைக்கு முன்னால் வரும் ஆயுதம் கொடுக்கும் காட்சியைத் தாண்டிவிடாதீர்கள். தலைக்கவசம் கண்ணை மறைக்கும் சிறுவர்களும் பல் போன கிழவர்களும்தான் அந்த 300 பேரில் பலர். எதிரே 10,000. அந்த முகங்களைப் பார்த்த பிறகுதான் எண்ணிக்கைக்குப் பொருள் வருகிறது. மன்னர் தியோடனாக பெர்னார்ட் ஹில் கவசம் அணிந்துகொண்டே பழம்பாடல் வரிகளைச் சொல்லும் இடம், எங்கள் பார்வையில் மூன்று படங்களிலும் சிறந்த நடிப்பு.

இந்தப் போர் நாவலில் உள்ளபடியே இருக்கிறதா?

இல்லை. நாவலில் எல்ஃப் படை வருவதில்லை. எல்ஃப் தலைவன் ஹால்டிர் அங்கே சாவதுமில்லை. காவலில் இருப்பவர்களும் 300ஐவிட அதிகம், ஆயிரத்தைத் தாண்டும். மன்னரின் தங்கை மகன் எயோமர் நாடுகடத்தப்படாமல் கோட்டைக்குள்ளேயே போரிடுகிறான். விடியலில் காண்டால்ஃபோடு வருவது எர்கன்பிராண்ட் என்ற தலைவனின் காலாட்படை. தப்பியோடும் எதிரிகளை நகரும் மரங்கள் விழுங்குவதைத் திரையரங்குப் பதிப்பில் காட்டவில்லை, நீளமான பதிப்பில் இருக்கிறது.

கடைசியில் செங்குத்துச் சரிவில் குதிரைகள் பாய்கின்றனவே, சாத்தியமா?

அந்தச் சாய்வில் சாத்தியமில்லை. குதிரையின் எடையும் ஆளின் எடையும் முன்னங்கால்களில் விழும். நாலுகால் பாய்ச்சலில் முன்னால் ஒன்று இடறினால் பின்னால் வருபவை எல்லாம் அதன்மேல் உருளும். அதனால்தான் அங்கே டிஜிட்டல் குதிரைகள். நீட்டிய ஈட்டிகளுக்கு மட்டும் படம் ஒரு பதில் வைத்திருக்கிறது: காண்டால்ஃபின் பின்னால் எழும் ஒளி கண்ணைக் கூச, ஈட்டி வரிசை கலைகிறது.

அத்தனை ஆயிரம் வீரர்கள் எங்கிருந்து வந்தார்கள்?

ஸ்டீஃபன் ரெகலஸ் இந்தப் படங்களுக்காகவே எழுதிய மாஸிவ் என்ற மென்பொருளிலிருந்து. அதற்கு முன் கூட்டக் காட்சிகளில் ஒரே உருவத்தை நகலெடுத்து நிரப்புவது வழக்கம். உற்றுப் பார்த்தால் எல்லோரும் ஒன்றுபோல் அசைவார்கள். மாஸிவில் ஒவ்வொரு வீரனும் தனித்தனி. தன்னைச் சுற்றி யார் இருக்கிறார், நண்பனா எதிரியா, தரை எப்படிச் சாய்கிறது என்று அவனே பார்த்து, கேட்டு, பதிவு செய்து வைத்த நூற்றுக்கணக்கான சிறு அசைவுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பான். உயரமும் கவசமும் ஆளுக்கு ஆள் மாறும்.

ஆரம்பச் சோதனையில் சில வீரர்கள் களத்தைவிட்டு ஓடினார்கள். பயந்து ஓடியதாக ஒரு கதை பரவியது. காரணம் எளிது: எதிரி இல்லாத திசையைப் பார்த்து நின்றவர்கள் எதிரியைத் தேடிக்கொண்டே போய்விட்டார்கள். அதைத் திருத்தினார்கள். ரெகலஸுக்கு 2004இல் அகாடமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது.

முன்வரிசையில் இருப்பவர்கள் நிஜ மனிதர்கள். வெலிங்டனுக்கு அருகே ட்ரை கிரீக் கல்குவாரியில் கோட்டையைக் கட்டி, மாதக்கணக்கில் இரவுகளில் எடுத்தார்கள். அவர்கள் அணிந்த சங்கிலிக் கவசங்களுக்காக 1.25 கோடி பிளாஸ்டிக் வளையங்களைக் கையால் கோத்திருக்கிறார்கள்.

உருக்-ஹை படையின் முழக்கம் யாருடைய குரல்?

ஹெல்ம்ஸ் டீப்பை முற்றுகையிடும் அந்தப் படையின் குரல் கிரிக்கெட் ரசிகர்களுடையது. 2002 பிப்ரவரியில் வெலிங்டன் மைதானத்தில் நியூசிலாந்தும் இங்கிலாந்தும் மோதிய ஒருநாள் போட்டியின் இடைவேளையில், சுமார் 25,000 பேரைக் கத்தவும் காலால் தட்டவும் வைத்துப் பதிவு செய்தார்கள். முழங்க வேண்டிய சொற்களைப் பெரிய திரையில் காட்டினார்கள்.

பெலன்னோர் சமவெளியில் குதிரைப்படைத் தாக்குதல் ஏன் இவ்வளவு உலுக்குகிறது?

அங்கே 6,000 குதிரைகள் என்பது கதை. படப்பிடிப்பில் ட்வைசல் ஊருக்கு அருகே சுமார் 250 நிஜக் குதிரைகள் ஓடின, மற்றவை மாஸிவ். சொந்தக் குதிரையோடு வந்த உள்ளூர்க்காரர்களில் பெண்கள் நிறைய. தாடி ஒட்டிக்கொண்டு ரோஹன் வீரர்களாக ஓட்டினார்கள்.

உலுக்குவதற்குக் காரணம் காட்சியைக் கோத்த விதம். வரலாற்றில் குதிரைகள் அசையாத ஈட்டிச் சுவரில் போய் மோதுவதில்லை. நின்றுவிடும் அல்லது விலகும். காலாட்படையின் மனம் முதலில் உடைந்தால்தான் குதிரைப்படை வெல்லும். படம் அதைக் காட்டுகிறது. முதலில் எதிரிப் படையான ஆர்க்குகள் ஏளனத்தோடு ஈட்டி நீட்டி நிற்கிறார்கள். இரண்டு முறை அம்பு மழை, வரிசையில் ஆட்கள் விழுகிறார்கள், வேகம் குறையவில்லை. பிறகு ஆர்க் முகங்கள் ஒவ்வொன்றாக மாறுகின்றன. மோதல் நடப்பதற்குள் போரின் முடிவு அந்த முகங்களில் எழுதியாகிவிட்டது.

அந்த ஆர்க் தளபதி காத்மாக், ரோஹன் இளவரசி எயோவின் கொல்லும் விச்-கிங் (கறுப்பு வீரர்களின் தலைவன்), முதல் படத்தில் போரோமிரை அம்பெய்து வீழ்த்தும் லர்ட்ஸ், மூவருமே லாரன்ஸ் மக்கோரே என்ற மாவோரி நடிகர்.

எயோவினும் மெர்ரியும் விச்-கிங்கைக் கொன்றது எப்படி?

ஆண்மகன் கையால் சாகமாட்டான் என்பது அவனைப் பற்றிய முன்னறிவிப்பு. அவனை வீழ்த்துவது ஒரு பெண்ணும் ஒரு ஹாபிட்டும். நாவலில் மெர்ரியின் கத்தி பழைய கல்லறை மேட்டில் கிடைத்தது. அங்மார் மன்னனான இதே விச்-கிங்கோடு போரிட்டவர்கள் செய்த கத்தி. அது குத்தியதும் அவனுடைய மாயக்கட்டு அவிழ்கிறது, அப்போது எயோவினின் வாள் வேலை செய்கிறது. படத்தில் கல்லறை மேட்டுப் பகுதியே இல்லாததால், மெர்ரி குத்தியதும் அவன் ஏன் மண்டியிடுகிறான் என்பது தெரியாமல் போகிறது. அந்த ஓட்டையை மறைப்பது மிராண்டா ஓட்டோவின் முகம். கை நடுங்கிக்கொண்டே நிற்கும் துணிச்சலை அவர் காட்டுவதால் நாம் கேள்வி கேட்பதில்லை.

போர்க்காட்சிகளில் எவை சரியில்லை?

இரண்டைச் சொல்வோம். ஒன்று, இறந்தவர் படை கோண்டோரின் தலைநகரான மினாஸ் டிரித் வரை வந்து எல்லாவற்றையும் துடைத்துப்போடுவது. நாவலில் அவர்கள் பெலார்கிர் துறைமுகத்தில் எதிரியின் கப்பல்களைக் கைப்பற்றிக் கொடுத்ததோடு விடுவிக்கப்படுகிறார்கள். கப்பலில் வந்து போரிடுவது தென் கோண்டோரின் உயிருள்ள மனிதர்கள். சாகவே முடியாத படை வந்ததும், அதுவரை ரோஹன் வீரர்கள் சிந்திய இரத்தத்தின் மதிப்பு குறைந்துவிடுகிறது. இன்னொன்று, லெகோலஸ் தனியாளாக முமாக் யானையைச் சாய்ப்பது. கைதட்டலுக்காகப் பிற்பாடு எடுத்துச் சேர்த்தது. கணம் முன்புவரை அந்த யானைகள் மன்னரின் படையையே மிதித்துக்கொண்டிருந்தன. ஒரே ஆள் ஏறிச் சாய்த்துவிட முடியும் என்றால் அந்தப் பயம் போய்விடுகிறது.

ஃபாரமிரை ஒஸ்கிலியத்துக்கு நேராகக் குதிரையில் அனுப்புவது போர்த்தந்திரமாக அபத்தம்தான். நாவலில் அவன் ஆற்றுக் கரையைத் தாங்கிப் பிடித்துப் பின்வாங்குகிறான். ஆனால் அவனுடைய தந்தை டெனெதோராக வரும் ஜான் நோபிள் தக்காளியைக் கடித்து மெல்லும் வாயையும் பிப்பினின் பாடலையும் அந்தச் சாவோடு சேர்த்து வெட்டியிருப்பதால், தந்தையின் கொடுமை பற்றிய காட்சியாக அது நிலைக்கிறது.

யானை மேல் வரும் தென்னாட்டு வீரர்களை வெறும் எதிரியாகக் காட்டியது சரியா?

நியாயமான கேள்வி, நம்மூர் பார்வையாளருக்கு இன்னும் கூர்மையாக உறைக்கும். ஹராத் மக்களுக்குப் படத்தில் பெயரோ முகமோ இல்லை, துணியால் மூடிய தலைகள் மட்டும்தான். நாவலில் கண்முன்னே விழுந்த ஒரு தென்னாட்டு வீரனைப் பார்த்து, இவன் பெயர் என்ன, உண்மையிலேயே கெட்டவனா, எந்தப் பொய்யை நம்பி இவ்வளவு தூரம் வந்தான் என்று சாம் நினைப்பான். சோம் போர்முனையில் 1916இல் இருந்த டோல்கீன் எழுதிய பகுதி அது. படத்தில் அந்தச் சொற்கள் ஃபாரமிர் வாயில் வருகின்றன, அதுவும் இரண்டாம் படத்தின் நீளமான பதிப்பில் மட்டும். அதை வெட்டியது பெரிய பிழை.

எந்தப் பதிப்பை முதலில் பார்ப்பது? வீட்டில் பார்க்க என்ன செய்ய வேண்டும்?

திரையரங்குப் பதிப்புகள் 178, 179, 201 நிமிடங்கள். நீளமானவை, கடைசியில் ஓடும் ரசிகர் பெயர்ப்பட்டியலைச் சேர்க்காமல், 208, 223, 251. முதல் படத்துக்குத் திரையரங்குப் பதிப்பே போதும். இரண்டாவதை நீளமான பதிப்பில் பாருங்கள். ஒஸ்கிலியத்தில் போரோமிர், ஃபாரமிர், தந்தை மூவரும் சேர்ந்திருக்கும் காட்சி அதில்தான் உண்டு, அது இல்லாமல் டேவிட் வென்ஹாமின் ஃபாரமிர் வெறும் கடுமையான ஆளாகத் தெரிவான். மூன்றாவதை முதல் தடவை திரையரங்குப் பதிப்பிலேயே பாருங்கள். நீளமானதில் அரகார்னின் கறுப்புக் கப்பல்களை முன்கூட்டியே காட்டிவிடுவதால் துறைமுகத்தில் வந்திறங்கும் திருப்பம் கெடுகிறது.

டிவியில் அசைவை வழவழப்பாக்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள். அது ஓடினால் மினியேச்சர் கோட்டைகள் பொம்மையாகத் தெரியும். ஹெல்ம்ஸ் டீப் முழுக்க இரவு, மழை. அறை விளக்கை அணைத்து, வெளிச்சத்தைத் தானாகக் குறைக்கும் மின்சேமிப்பு அமைப்பையும் நிறுத்தாவிட்டால் மதிலில் பாதி இருட்டில் போய்விடும். வசனம் மெதுவாகவும் சண்டை பெரும் சத்தமாகவும் வந்தால், ஒலி அமைப்பில் இரவு நேரத் தேர்வைப் போடுங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளி குறையும்.